சைக்கிள் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளுக்கு நகரத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாப்பூர் வட்டாரத்தில் 32 ஆண்டுகள் தபால்காரராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு மகன் குடும்பத்தோடு பள்ளிக்கரணைக்குக் குடிவந்தபோது, வீட்டுச் சாமான்களோடு என்னுடைய கறுப்பு நிற, 24 அங்குலச் சட்டம் கொண்ட சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். புதிய இடத்தில் பால் கடை முதல் நாளே தெரிந்துவிட்டது. ரேஷன் கடையும் மருந்துக் கடையும் ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டன. சைக்கிளை நம்பி ஒப்படைத்துவிட்டு வரக்கூடிய ஒரு கடையைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் நான் கண்டதையும், நல்ல சைக்கிள் கடையை எப்படி அடையாளம் காண்பது என்று அதிலிருந்து கற்றுக்கொண்டதையும், இந்த விஷயத்தில் மாநகராட்சி செய்தே ஆகவேண்டும் என்று நான் உறுதியாக நம்பும் ஒன்றையும் தங்கள் நாளிதழ் வாயிலாக வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பழைய கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கடையைப் பார்த்தாலும் நான் அதோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தபால்காரர்களுக்கு மத்திய அரசு மாதந்தோறும் சைக்கிள் பராமரிப்புப் படி தருகிறது. 90 ரூபாயாக இருந்த அந்தப் படி ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 180 ரூபாய் ஆனது. என்னுடைய படி முழுவதும் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்த சைக்கிள் கடைக்குத்தான் போகும். பத்தடிக்கு எட்டடி இருக்கும் கடை அது. வாசலில் தண்ணீர் நிரம்பிய அலுமினியச் சட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டிய டயர்கள், ஒரு தகர டப்பாவில் கோட்டர் பின்கள், இன்னொன்றில் கிரீஸில் ஊறிக்கிடக்கும் இரும்புக் குண்டுகள். ஒரு காலத்தில் மணிக்கணக்கு வைத்து வாடகைக்கு விட்ட சைக்கிள்களில் மிஞ்சிய இரண்டு, கடைசிவரை ஓரமாக நின்றுகொண்டிருந்தன.

அந்தக் கடைக்காரர் சக்கரத்தின் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை நுட்பமான வேலை என்பது தெரியும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மெல்லச் சுழலவிட்டு, ரிம்மின் அருகே ஒரு சாக்கட்டியைப் பிடிப்பார். ரிம் எங்கே வெளியே பிதுங்குகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டிப் பார்த்து, ஒலி தளர்ந்திருக்கும் கம்பியைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று முறுக்கிக்கொண்டே வருவார். அந்தக் காலத்து வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின் சக்கரத்துக்கு 40; ஆளின் எடையும் சுமையும் பின் சக்கரத்தின் மேல்தான் இறங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. கேரியரில் தபால் பையும் பார்சல்களும் ஏற்றிக்கொண்டு போகிற எனக்குப் பின் சக்கரம் அடிக்கடி கோணிக்கொள்ளும். கம்பிகளை மாற்றாமல், முறுக்கத்தைச் சமன்படுத்தியே அதை அவர் பல ஆண்டுகள் ஓட வைத்தார்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைத் தெருக்களில் முழங்கால் அளவுத் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டுவாடா செய்த நாட்கள் உண்டு. மழை ஓய்ந்ததும் அவர் என்னைக் கேட்காமலேயே வண்டியைப் பிரித்துவிடுவார். சக்கரத்தின் நடுவிலும் பெடல் அச்சிலும் புகுந்த சேற்றுத் தண்ணீர் கிரீஸை வெளியேற்றிவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் குண்டுகள் துருப்பிடித்துப் பொடிந்து, அவை உருளும் கிண்ணங்களையும் அரித்துவிடும் என்பார். 'மழைக்கு முன்னால் எண்ணெய், மழைக்குப் பின்னால் கிரீஸ்' என்பது அவருடைய கணக்கு. நான் ஓய்வுபெறுவதற்குச் சிறிது காலம் முன்பு அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத் தொடங்கினார்கள். அவர் சாமான்களை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அந்தத் தெருவில் இன்று சைக்கிள் கடை எதுவும் இல்லை.

பள்ளிக்கரணையில் என் தேடல் ஒரு பெரிய விற்பனை நிலையத்தில் தொடங்கியது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வரிசையாக நிற்கும் கியர் சைக்கிள்கள். அங்கிருந்த இளைஞர்கள் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் என் வண்டியை உள்ளே எடுத்துவரவே அவர்கள் விரும்பவில்லை. தங்களிடம் வாங்கிய சைக்கிள்களுக்கு மட்டுமே சர்வீஸ் உண்டு என்றும், இரும்புத் தண்டுகளால் இழுபடும் பழைய ராடு பிரேக் வண்டிக்கான பிரேக் கட்டை தங்களிடம் கிடையாது என்றும் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இல்லாத பொருளை இல்லை என்று சொல்வது நேர்மைதான். பழுதுபார்க்கும் இடம் எங்கே என்று கேட்டபோது, அவர்கள் காட்டிய மூலையில் இரண்டு ஸ்பேனர்களும் ஒரு காற்றடிக்கும் பம்பும் மட்டுமே இருந்ததுதான் மனதை உறுத்தியது. இத்தனை விலை கொடுத்து இங்கே வாங்குகிறவர்கள் நாளைக்குச் செயின் அறுந்தால் யாரிடம் போவார்கள் என்ற கவலையோடு திரும்பினேன்.

அடுத்து, பிரதான சாலையில் இருந்த ஒரு பஞ்சர் கடை. மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் பார்க்கிற கடை அது. என் சைக்கிளின் பித்தளை வால்வையும் அதற்குள் இருக்கும் வால் டியூப் என்ற சிறு ரப்பர்க் குழாயையும் அங்கிருந்த பையன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கைப் பம்பும் அங்கே கிடையாது. பேத்தியின் சைக்கிளுக்கு மோட்டார் வண்டிக்கு உள்ள அதே வகை வால்வு என்பதால், அதையாவது அங்கே காட்டலாம் என்று மறுவாரம் கொண்டுபோனேன். கம்ப்ரஸர் குழாயைப் பொருத்திய சில நொடிகளில் டியூப் வெடித்தது. சைக்கிள் டியூபின் கொள்ளளவு மிகச் சிறியது. கார் டயருக்குக் காற்றடிக்கிற வேகத்தில் அடித்தால், அளவைப் பார்த்து நிறுத்துவதற்குள் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று தாங்கும் என்பதை அச்சிட்டே தருகிறார்கள். அதைப் படித்துப் பார்த்து, விட்டு விட்டு அடிக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேத்தியின் சைக்கிள் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது இணையத்தில் வாங்கியது. இப்படி வரும் சைக்கிள்கள் பெரும்பாலும் 85 விழுக்காடு பூட்டிய நிலையில் அட்டைப்பெட்டியில் வருகின்றன. ஹேண்டில் பார், முன் சக்கரம், பெடல்கள், சீட்டு ஆகியவற்றை நாம் பூட்டிக்கொள்ள வேண்டும். நான் பார்த்துப் பழகிய வண்டி வேறு, இது வேறு என்பதால், அருகிலிருந்த ஒரு கடையில் கூலி கொடுத்துப் பூட்டச் சொன்னோம். இரண்டு நாட்கள் கழித்து, திருப்பத்தில் கால் விரல் முன் சக்கரத்தில் உரசுகிறது என்று குழந்தை சொன்னாள். உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துப் பூட்டியிருந்தார்கள்! ஓட்டுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டிய டிஸ்க் பிரேக், வலப்பக்கம் இருந்தது. அதுமட்டுமல்ல, இடப்பக்கப் பெடலின் திருகு மறை தேய்ந்து, பெடல் கோணலாக ஏறியிருந்தது. சைக்கிளில் இடப்பக்கப் பெடலுக்கு மட்டும் மறை எதிர்த்திசையில் இருக்கும். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதை அறியாதவர் வழக்கமான திசையில் வலிந்து முறுக்கினால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க்கின் மறையே அழிந்துவிடும். ஒரு குழந்தை தினமும் வேளச்சேரி–தாம்பரம் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகப்போகிற வண்டி அது. அந்த நினைப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு என் தேடும் முறையை மாற்றிக்கொண்டேன். அதுவரை பெயர்ப்பலகைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். இனி சைக்கிளை நம்பிப் பிழைக்கிறவர்களைக் கேட்பது என்று முடிவு செய்தேன். விடியற்காலை நாலரை மணிக்குச் செய்தித்தாள் கட்டுகளைக் கேரியரில் அடுக்கும் பையன்கள், கேனில் தேநீர் கொண்டுவந்து விற்பவர், அடுக்குமாடிகளில் இரவுக் காவல் முடித்துத் திரும்பும் வடமாநிலத் தொழிலாளர்கள், கரணையும் ரசமட்டமும் பையில் தொங்கக் கட்டுமான வேலைக்குப் போகும் கொத்தனார்கள் ஆகிய இவர்களில் யாருக்கும் ஒரு நாள் சைக்கிள் ஓடாவிட்டால் அன்றைய வருமானத்தில் இடிக்கும். இவர்கள் போகிற கடை பொய்யான கடையாக இருக்க முடியாது. நான் கேட்ட ஆறு பேரில் நான்கு பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். என் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தொலைவில், கீழ்க்கட்டளைப் பக்கம், ஒரு வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் கட்டிய கடை. பெயர்ப்பலகை கிடையாது. கைப்பேசி வரைபடத்திலும் அது இல்லை.

அங்கே நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். கடைக்காரருக்கு வயது ஐம்பதுக்குள் இருக்கும். பேத்தியின் வண்டியை வாங்கியதும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. யார் ஓட்டுவது, எவ்வளவு தூரம், மழையில் நிற்குமா, எங்கே விழுந்தது என்று கேட்டார். பிறகு தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, மரக்கிளையில் கட்டிய கொக்கியில் வண்டியை மாட்டி, பெடலைக் கையால் சுழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்து என் வண்டி. அதன் செயின்மேல் ஓர் இரும்பு அடிக்கோலை வைத்தார். செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்குமேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் அந்தச் செயின் பின் சக்கரத்துப் பற்சக்கரமான ஃப்ரீவீலின் பற்களையும் தின்றிருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று விளக்கினார். என் செயின் அந்த எல்லையை எட்டவில்லை. 'இது இன்னும் ஒரு மழைக்காலம் ஓடும் சார், இப்போது மாற்ற வேண்டாம்' என்றார். விற்பனைக்குச் செயின் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எனக்கு விற்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் என் ஏழு மாதத் தேடல் முடிந்தது.

ஃபோர்க்கைத் திருப்பிப் பூட்டினார். இடப்பக்க கிராங்க்கின் மறை போய்விட்டதைக் காட்டி, அதைப் பற்றவைத்து ஒப்பேற்றுவதில் தமக்கு உடன்பாடில்லை என்றும், பழைய வண்டியிலிருந்து கழற்றிய நல்ல கிராங்க் ஒன்று தருவதாகவும் சொன்னார். அழிந்த கிராங்க்கை ஒரு துணியில் சுற்றி என் கையிலேயே கொடுத்தார். வேலைக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு என்று தனித்தனியே சொன்னார். டிஸ்க் பிரேக் பற்றிக் கேட்டபோது, குழந்தையின் வண்டியில் இருப்பது கம்பியால் இழுபடும் வகை, அதைத் தம்மால் சரிசெய்ய முடியும் என்றார். எண்ணெயால் இயங்கும் வகையானால் தம்மிடம் கருவி இல்லை, நகருக்குள் அதற்கென்று இருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தொழிலாளியிடம் தெரிந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம். எண்ணெயால் இயங்கும் பிரேக்கில் ஷிமானோ போன்ற நிறுவனங்களின் தயாரிப்புகளுக்கு மினரல் ஆயில் ஊற்ற வேண்டும். வேறு சிலவற்றுக்கு மோட்டார் வண்டியில் ஊற்றுவது போன்ற பிரேக் திரவம் வேண்டும். இரண்டையும் மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் உப்பிக் கெட்டு, பிரேக்கே பிடிக்காமல் போகும். அரைகுறையாகத் தெரிந்தவர் கையில் இது உயிருக்கே ஆபத்து.

வாசகர்கள் தங்கள் பகுதியில் கடை தேடும்போது இன்னொன்றையும் சோதித்துப் பார்க்கலாம். டயரோ டியூபோ கேட்டால் கடைக்காரர் அளவை எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். '26 அங்குலம்' என்று பெயர் சொல்லி எடுத்துத் தருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், ஏனென்றால் 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் உண்டு. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு கோட்டுக்குப் பின்னால் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் எண் அது. தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளின் 26 அங்குலத்துக்கு அது 559. பழைய பாணி 26 அங்குல மெல்லிய டயருக்கு 590. எங்கள் தபால்காரர் வண்டியின் 28 அங்குலத்துக்கு 635. இன்றைக்கு 29 அங்குலம் என்று விற்கிற சக்கரத்துக்கோ 622தான், அதாவது பெயரில் பெரியது அளவில் சிறியது. இந்த எண்ணைத் தேடிப் படிக்கிற கடைக்காரர் உங்களைத் தவறான டயரோடு வீட்டுக்கு அனுப்ப மாட்டார். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள், உப்புக் காற்றுக்கு என்ன செய்வது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். செயினைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடச் சொல்கிறாரா, அழுக்கின் மேலேயே எண்ணெயை ஊற்றுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இத்தகைய கடைகள் ஏன் அருகிப்போயின என்று எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. சைக்கிளோடு சென்னைக்கு உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை இந்நகரின் அம்பத்தூரில் தயாரித்தது. உதிரி பாகம் எதுவானாலும் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜாருக்குப் போனால் கிடைக்கும் என்று போய்வந்த தலைமுறை என்னுடையது. இன்று ஒரு பஞ்சர் ஒட்டினால் நாற்பது, ஐம்பது ரூபாய் கிடைக்கிற தொழிலாளி, இந்த நகரத்தில் கடை வாடகை கொடுத்துப் பிழைக்க முடியாது. அதனால்தான் அவர் மரத்தடிக்கு வருகிறார். மரத்தடியிலோ எந்த நாளில் அப்புறப்படுத்துவார்கள் என்று தெரியாது. அவருடைய மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. கீழ்க்கட்டளைக் கடைக்காரரிடம் வேலை பழகுவதற்கு ஒரு பையன்கூட இல்லை. வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்துச் சைக்கிள் வாங்குகிறவர், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சக்கரத்தின் கோட்டம் எடுத்தவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். பொருளுக்கு விலை உண்டு என்று ஏற்றுக்கொள்கிற நாம், கைவேலைக்கும் விலை உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் வாங்குவதற்கு அரசுகள் உதவி செய்யாமல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று வகுத்தது. இவற்றையெல்லாம் நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு மாணவிக்குக் கிடைத்த சைக்கிளின் செயின் அறுந்து, பழுதுபார்க்க ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தால், ஒரு மாதத்துக்குள் அது மாடிப்படிக்கு அடியில் சாய்ந்துவிடும். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மட்டும் இப்படிச் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்கள் பதினொன்றை நான் எண்ணினேன். அவற்றில் எட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு டியூபும் அரை மணி நேர வேலையும்தான். கீழ்க்கட்டளைக் கடைக்காரரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துவந்து அந்த எட்டையும் ஓட வைத்தோம்.

ஆகவே மாநகராட்சியிடம் நான் வைக்கும் கோரிக்கை இதுதான். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், தெருவில் பொருள் விற்பவர்களை மட்டுமல்லாமல், பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவர்களையும் தெருவோர வியாபாரிகளாகவே வரையறுக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் தர வேண்டும், இடம் ஒதுக்குவதை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மரத்தடியில் சைக்கிள் பழுதுபார்ப்பவர் இந்தச் சட்டத்தின்படி உரிமை உள்ளவர். கணக்கெடுப்புக்கு வருகிற ஊழியர்கள் காய்கறித் தள்ளுவண்டியையும் பூக்கடையையும் குறித்துக்கொள்வது போலவே அவரையும் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளின் அருகிலும், வேளச்சேரி, பெருங்குடி போன்ற பறக்கும் ரயில் நிலையங்களின் வாசலிலும் ஆறடிக்கு ஆறடி இடமும், தலைக்கு மேல் ஒரு கூரையும், ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுத்தால் போதும்; மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். 2011-இல் 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சி இது. 200 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்கு ஒருவர் என்று தொடங்கினாலும் 200 குடும்பங்கள் பிழைக்கும். எந்தக் குழந்தையும் வீட்டிலிருந்து வெகுதூரம் வண்டியைத் தள்ள வேண்டியிருக்காது.

இதோடு சேர்த்து, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சைக்கிள் பழுதுபார்ப்புக்கென்று இரண்டு, மூன்று மாதக் குறுகிய காலப் பயிற்சி ஒன்றும் நடத்த வேண்டும். கியர் மாற்றியைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு வளைந்திருந்தால் அதை நிமிர்த்துவது, டிஸ்க் பிரேக்கை நேர்படுத்துவது, மோட்டார் பொருத்திய சைக்கிளின் மின்கம்பிகளைப் பார்ப்பது எல்லாம் புதிய வேலைகள். மரத்தடித் தொழிலாளிகளுக்கு அவற்றைக் கற்றுக்கொள்ள இன்று வழியில்லை. கற்றுக்கொடுக்கிற இடத்தில் அவர்களையே பழைய வேலைகளுக்கு ஆசிரியர்களாகவும் அமர்த்தலாம். அடிக்கோலை வைத்துச் செயினை அளக்கத் தெரிந்த ஒருவர், பத்து இளைஞர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காமல் ஊர் திரும்பிவிடக் கூடாது. மயிலாப்பூர்க் கடைக்காரர் அப்படித்தான் போனார்.

பெருங்குடி மண்டல அலுவலகத்தில் கொடுப்பதற்காக இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, எங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் கையெழுத்து வாங்கிவருகிறேன்; இதுவரை 63 பேர் போட்டிருக்கிறார்கள். மற்ற மண்டலங்களில் வசிக்கும் வாசகர்களும் தங்கள் பகுதியில் நம்பிக்கைக்குரிய சைக்கிள் கடை எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே என்ன வேலை நன்றாகச் செய்கிறார்கள் என்பதைத் தங்கள் நாளிதழுக்கு எழுத வேண்டும் என்றும், அவற்றைப் பகுதிவாரியாக வெளியிட்டு உதவ வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
பள்ளிக்கரணை, சென்னை – 600 100.